சதுர அடிக் கணக்கு

கிளிநொச்சி, டிப்போச் சந்திக்குத் தெற்கே,
மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில்
நேசராசா அண்ணையின் பதாகை அச்சகம்.
எழுத்து வடிவமைக்கிறது நான்.
சதுர அடி என்ன விலை என்று நீங்கள் கேட்கலாம்.
என்ன எழுதப் போகிறீர்கள் என்று
நாங்கள் கேட்கிறதில்லை.

திங்கட்கிழமை சீனாக்காரருக்கு,
பத்துக்கு நாலு, "நட்பின் உலருணவுப் பொதி".
பொதி சின்னனாய் இருக்கலாம்,
கொடுக்கிற கை பெரிசாய்த் தெரியவேணும் என்றார்கள்.

புதன்கிழமை இந்தியாவுக்கு.
தொப்புள்கொடியா தொப்புட்கொடியா என்று
தொலைபேசியில் கால்மணி நேரம்.
புணர்ச்சி விதியைப் பார்த்துச் சொன்னேன்.
நான் சொன்னதுதான் சரியாம், ஆனாலும்
மற்றதையே போடட்டாம்,
டில்லியில் அதற்குத்தான் ஒப்புதல் கிடைத்திருக்காம்.

வெள்ளிக்கிழமை அமெரிக்காக்காரரின் காசில்
"கருத்துச் சுதந்திரம்: இளையோர் பயிலரங்கு".
ஆட்கள் போதாதென்று என்னையும் இருத்தினார்கள்.
பயமில்லாமல் பேசுங்கள் என்றார் வந்தவர்.
பேச நினைத்ததை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி
சுவரில் ஒட்டச் சொன்னார்.
"கொண்டுபோனது ஆர்?" என்று ஒருத்தி எழுதினாள்.
அது "ஏனையவை" என்ற தலைப்புக்குக் கீழே போனது.
பிறகு சோத்துப் பார்சல். கோழி.

எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன்.
ஒருவரின் ஊரில் எழுதினவன் இருக்கமாட்டான்,
ஒருவரின் ஊரில் எழுதினவன் இருப்பான்,
அவன் எழுதினது நூறு சத்தத்துக்குள் காணாமல் போகும்.
இரண்டுக்கும் இடையில் ஒரு உயிர் வித்தியாசம் இருக்கு,
அது சின்ன வித்தியாசமில்லை.
ஆனால் இங்கே வரும்போது
எல்லாரும் தங்கடை கொடியை
இன்னும் கொஞ்சம் பெருப்பிக்கத்தான் சொல்கிறார்கள்.
இயந்திரத்தில் சிவப்புக்கு ஒரே தாங்கி,
ஒருவருக்கு முடிந்தால் மற்றவருக்கும் வெளிறும்.

அண்ணைக்கு இதெல்லாம் பகிடி.
சண்டைக்குள் ஒரு தரப்பின் ஒலிபெருக்கி வானில்
வீட்டுக்கு ஒருவர் வாருங்கள் என்றவர்.
முள்வேலிக்குள் மற்றத் தரப்புக்காக
வரிசையில் நில்லுங்கள் என்றவர்.
அதே குரல், அதே இருமல்.
"இப்ப பரவாயில்லை, அச்சிலை குரல் தெரியாது" என்பார்.

விழா முடிந்த பதாகைகளை ஆட்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.
பரந்தனில் ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே நட்பு.
முரசுமோட்டையில் காயப்போட்ட நெல்லுக்குக் கீழே சுதந்திரம்,
எழுத்து மண் பக்கம்.
மழைக்கு எந்த நாடும் நல்லதுதான்.

மாசிக் கடைசியில் இராசமலரக்கா வந்தா.
கையில் தபால்தலை அளவில் ஒரு அடையாள அட்டைப் படம்.
"எத்தினை அடி மட்டும் பெருப்பிக்கலாம், பிள்ளை?"
இரண்டு அடியில் கண் கட்டம் கட்டமாய் உடைந்தது.
மூன்று அடியில் வாய் இல்லை.
"பரவாயில்லை, அவன்ரை முகம் எனக்குத் தெரியும்தானே" என்றா.
வாசகம் என்று ஒன்றும் சொல்லவில்லை.
பெயர், திகதி, வட்டுவாகல்.

அண்ணை காசு வாங்கவில்லை.

எல்லாப் பதாகையிலும் வலது மூலையில்
கடையின் பெயரும் இலக்கமும் போகும்,
தூதரகங்களின் பதாகையிலும்தான்.
அன்றைக்கு அதை எடுத்துவிட்டேன்.
எடு என்று ஆரும் சொல்லவில்லை,
அண்ணைகூடச் சொல்லவில்லை.
பெரிய தலைநகரங்களில் இந்த வேலைக்கென்று
மாடி மாடியாய்க் கட்டடங்கள் இருக்குமாம்.
எனக்கு ஒரு விசை போதுமாயிருந்தது.

இரண்டு நாள் கழித்து
சீருடை போடாத அந்த ஆள் வந்தார்.
கைபேசியில் படத்தைக் காட்டி
"இது ஆர் அடிச்சது?" என்றார்.
தெரியாது என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
விலைப்பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு மகளின் பிறந்தநாளுக்கு
நாலுக்கு மூன்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.
நல்ல தெளிவான படம்,
முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு.

அதில் எங்கள் இலக்கத்தை
வடிவாய்ப் போட்டேன்.